கணக்கில் வராத கரண்டி

"யாருக்கும் தெரியாம எதையோ திங்கறீங்க அத்தை. இல்லேன்னா இது இறங்காம இருக்காது."

நேற்றுச் சாயங்காலம், சர்க்கரை பார்க்கிற மெஷினைக் கையில் வைத்துக்கொண்டு மருமகள் சொன்ன வார்த்தை இது. விடிந்த பிறகும் அண்டாக்காரம்மாவின் தொண்டையில் முள்ளாக நின்றது. எழுபது வயதில் திருட்டுப் பட்டம். அதுவும் பெற்ற மகன் எதிரில்.

அண்டாக்காரம்மா என்று பெயர் வைத்தவர்கள் சரக்குக் கிடங்கில் மூட்டை தூக்குகிற ஆட்கள். அவர்களுக்கு மதியமும் சாயங்காலமும் சோறு ஆக்கி அனுப்புகிறவள் அவள்தான். வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட சமையல் கொட்டகை. உள்ளே மூன்று அடுப்பு, ஆள் இறங்கிக் குளிக்கலாம் போன்ற அண்டாக்கள்.

வலது கண்ணில் புரை விழுந்து, மாவைக் கரைத்து ஊற்றியது போல எல்லாம் வெள்ளையாகத் தெரிந்தது. அந்தக் கண்ணோடு குழம்பை இறக்கப் போய் முழங்கையைச் சுட்டுக்கொண்டாள். ஆபரேஷன் செய்துகொள்ளலாம் என்று போனால் டாக்டர் கையை விரித்துவிட்டார். "முதல்ல சர்க்கரையை இறக்கிட்டு வாங்கம்மா. இந்த அளவுல நான் கண்ணுல கை வைக்க மாட்டேன்." மாத்திரையையும் கூட்டி எழுதினார்.

அன்றிலிருந்து மகனுக்கு ஒரே பாட்டு. கொட்டகையைப் பூட்டு, அடுப்பை வித்துடு, உட்கார்ந்து சாப்பிடு.

உட்கார்ந்து சாப்பிடுவதா? அவள் தட்டைப் பார்த்துவிட்டுப் பேசட்டும். பாதித் தட்டு காய். ஒரு சின்னக் கிண்ணம் சோறு, அதுவும் தலை தட்டி. கொஞ்சம் பருப்பு, ஒரு முட்டை. டீயில் சர்க்கரை விழுந்து மாதக்கணக்காகிறது. கல் சுமந்த காலத்தில் சோற்றைக் குவித்து நடுவில் குழி பறித்துத் தின்றவள், இன்று கிண்ணத்தில் மூக்குச்சளி மாதிரி ஒட்டிக்கொண்டிருப்பதை வழித்துத் தின்றுவிட்டு எழுந்திருக்கிறாள். அப்படியும் சர்க்கரை இறங்கவில்லை என்றால் அவள் என்ன செய்ய முடியும்?

அதனால்தான் நேற்று அவளும் விடவில்லை.

"நாளைக்கு லீவு போடுடி. காலையிலேர்ந்து என் கூடவே நில்லு. நான் என்ன திங்கறேன்னு ரெண்டு கண்ணாலயும் பாரு. ஒண்ணும் இல்லேன்னா, இவன் எதிர்ல என்கிட்ட மன்னிப்பு கேக்கணும்."

"போடறேன். இருந்துச்சுன்னா?"

"இருந்தா நீ சொல்றதை நான் கேக்கறேன்."

மருமகள் அதே கிடங்கில் சரக்கைத் தூக்கி அடுக்குகிற ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுகிறவள். ஆள் ஒல்லி. ஆனால் அவள் வண்டியை ரிவர்ஸ் எடுத்தால் சூப்பர்வைசரே ஒதுங்கி நிற்பார். சொன்னபடி லீவு போட்டாள். அடுப்பு பற்றவைக்கும்போதே வந்து, தண்ணீர் டிரம் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

"வசதியா இருக்கா? தலகாணி வேணுமா?" என்றாள் அண்டாக்காரம்மா.

"இருக்கட்டும் அத்தை. நீங்க வேலையப் பாருங்க. நான் என் வேலையப் பாக்கறேன்."

காலைச் சாப்பாடு மருமகள் கண் முன்னால் முடிந்தது. ரெண்டு ரொட்டி, காய், சர்க்கரை போடாத டீ. மாத்திரையையும் காட்டி விழுங்கினாள். வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக்கூடக் காட்டினாள். மருமகள் சிரிக்கவில்லை.

பிறகு வேலை பிடித்துக்கொண்டது. வேலை பிடித்துக்கொண்டால் அண்டாக்காரம்மாவுக்குப் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பதே நினைவிருக்காது. பருப்பு வெந்ததா? ஒரு கரண்டி அள்ளி, ஊதி, உள்ளங்கையில் ஊற்றி உறிஞ்சினாள். இன்னும் கொஞ்சம் வேகணும். உலை கொதிக்கிறது, நாலு சோற்றை எடுத்து மென்றாள். நடுவில் கல் மாதிரி இருந்தது. கிழங்கு? ஒரு துண்டைக் குத்தி எடுத்து வாயில் போட்டாள். உப்பு ஏறவில்லை. உப்பு போட்டுக் கிளறி, இன்னொரு துண்டு. இப்போது ஏறியிருக்கிறது. காரம்? இன்னொரு கரண்டி.

அன்றைக்குக் கிடங்கில் கப்பல் சரக்கு முழுக்க ஏற்றி முடிக்கிற நாள். அப்படிப்பட்ட நாளில் ஆட்களுக்குப் பால் இனிப்பும் உண்டு. பால் வற்றி வருகிறதா, அடி பிடிக்கிறதா, இனிப்பு நிற்கிறதா என்று அதை விட்டு நகரவே முடியாது. தப்பினால் ஒரு அண்டா பால் போச்சு.

வேலைக்கு நடுவே ஒன்று மட்டும் கண்ணில் பட்டது. மருமகள் அடிக்கடி டிரம்மிலிருந்து இறங்குகிறாள். மூடி போட்ட ஒரு எவர்சில்வர் தூக்கில் எதையோ ஊற்றிக்கொள்கிறாள். மறுபடி ஏறி உட்கார்ந்துகொள்கிறாள்.

அடிக் கள்ளி, என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டாள் அண்டாக்காரம்மா. என்னைக் காவல் காக்க வந்தவள் தோழிகளுக்குத் தூக்கு நிரப்புகிறாள். நிரப்பட்டும். மன்னிப்புக் கேட்கும்போது இதையும் சேர்த்துக் கேட்கவைக்கலாம்.

மதியச் சாப்பாட்டை எடுத்துப்போக மகன் சரக்கு வேனோடு வந்தான். வாடகைக்கு ஓட்டுகிற வண்டிதான். அம்மாவின் அண்டாக்களை முதலில் இறக்கிவிட்டுத்தான் மற்ற சவாரி. வந்தவனை நிறுத்தி வைத்துக்கொண்டு அண்டாக்காரம்மா முந்தானையில் கையைத் துடைத்தாள்.

"கேளுடா உன் பொண்டாட்டியை. காலையிலேர்ந்து நான் திருட்டுத்தனமா என்ன தின்னேன்?"

"திருட்டுத்தனமா ஒண்ணும் தின்னலை" என்றாள் மருமகள்.

"பாத்தியா!"

"எல்லாம் என் கண்ணு முன்னாடிதான் தின்னீங்க."

மருமகள் தூக்கைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். ஒரு பெரிய தட்டை எடுத்துப் பக்கத்தில் போட்டாள். தூக்கைத் திறந்து கவிழ்த்தாள்.

சோறு விழுந்தது. அதன் மேல் பருப்பும் குழம்பும் ஓடின. கிழங்குத் துண்டுகள் உருண்டு தட்டின் ஓரத்துக்குப் போய் நின்றன. கடைசியில் பால் இனிப்பு, கெட்டியாக, எல்லாவற்றின் மேலும் வழிந்து இறங்கியது. மூட்டை தூக்குகிற ஆள் ஒருவன் உட்கார்ந்து சாப்பிடுகிற சாப்பாடு அது. அவனும் கொஞ்சம் மீதி வைப்பான்.

"நீங்க ஒரு கரண்டி வாயில வச்சா, நான் ஒரு கரண்டி இதுல ஊத்தினேன்" என்றாள் மருமகள். "நீங்க ஒரு துண்டு போட்டா நான் ஒரு துண்டு. கூடக் குறைய இல்லை அத்தை. சத்தியமா."

அண்டாக்காரம்மாவுக்கு முகம் சிவந்தது.

"இது சாப்பாடா? இது வேலைடி! ருசி பாக்காம எவ சமைப்பா? நீ ஹாரன் அடிச்சுப் பாக்காமயா வண்டியை எடுக்கறே?"

"ஹாரன் அடிச்சா டேங்க் நிறையாது அத்தை."

மகனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அம்மாவின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை விழுங்கினான். ஆனால் அடுத்து அவன் வாயிலிருந்து வந்தது சிரிப்பைவிட மோசம்.

"அப்போ விஷயம் தெளிவாயிடுச்சு இல்லம்மா? அடுப்பு பக்கம் நிக்கற வரைக்கும் இது இறங்காது. மூடிடலாம்."

"நான் மூடறதுக்கா இதைக் காட்டினேன்?" மருமகள் அவன் பக்கம் திரும்பினாள். "ருசி பாக்கறதை நிறுத்தணும்னு காட்டினேன். நீங்க எதுக்கு நடுவுல பூட்டைத் தூக்கிக்கிட்டு வர்றீங்க?"

"நிறுத்துவாங்களா? நாப்பது வருஷப் பழக்கம்."

அவன் அண்டாக்களை ஏற்றிக்கொண்டு கிளம்பினான். கதவை அறைந்த அறையில் வேன் குலுங்கியது.

அண்டாக்காரம்மா அந்தத் தட்டுக்கு எதிரில் உட்கார்ந்தாள். ஆடை கட்டத் தொடங்கியிருந்த பால் இனிப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்குத் தெரியாமலா இருந்தது? அதுதான் அவளைச் சுட்டது. கட்டட வேலையில் கல் சுமந்துகொண்டிருந்தவளை, ஆள் பற்றாமல் சமையலுக்கு இழுத்துப் போட்டார்கள். சமையல் எடுபிடிக்குக் கூலி உண்டு, சோறு கிடையாது. அந்த வருஷம் முழுக்க அவள் உயிரோடு இருந்ததே ருசி பார்த்துத்தான். வெந்ததா என்று ஒரு பிடி, உப்பு இருக்கிறதா என்று ஒரு கரண்டி. தலைமைச் சமையல்காரன் முறைத்தால், பதம் பார்க்கிறேன் என்பாள். ருசி பார்ப்பது வயிற்றை நிரப்பும் என்று அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்? வயிறு நிறைந்த பிறகு அதை வேலை என்று பெயர் மாற்றிக்கொண்டாள். அவ்வளவுதான்.

"சாப்பிடுங்க அத்தை. மாத்திரை நேரமாச்சு." மருமகள் அவளுடைய சின்னக் கிண்ணச் சோறும் காயும் கொண்டுவந்து வைத்தாள்.

"எடுத்துக்கிட்டுப் போ."

"கோபமா?"

"கோபம் என்னடி கோபம். ஒரு ஆள் சோத்தைத்தான் காலையிலேயே தின்னுட்டேனே. கணக்குச் சரியாப் போச்சு. ரெண்டாவது தடவை எதுக்கு?"

மாத்திரையை மட்டும் தண்ணீரில் விழுங்கினாள். மருமகள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். சொன்னால் இன்னொரு சண்டை வரும் என்று தோன்றியதோ என்னவோ, பேசாமல் கிண்ணத்தை மூடி வைத்தாள்.

"சொன்ன சொல் சொன்னதுதான்" என்று எழுந்தாள் அண்டாக்காரம்மா. "நீ சொல்றதைக் கேக்கறேன்னு சொன்னேன். சொல்லு."

"சாயங்காலச் சாப்பாட்டைச் சமைங்க. ஆனா வாயில ஒரு பொட்டு வைக்கக் கூடாது."

"ருசி யார் பாப்பா? காத்தா?"

"நான் பாக்கறேன்."

"நீயா? நீ வச்ச குழம்பைச் சாப்பிட்டுத்தான் என் பையன் வெளியூர் சவாரி கேட்டு வாங்கினான்."

"வாங்கட்டும். டீசல் காசாவது வருது."

அண்டாக்காரம்மா ஒரு துணியை எடுத்து மூக்குக்குக் கீழே, வாயை மறைத்து இறுக்கிக் கட்டினாள். பழக்கத்தில் கை வாய்க்குப் போனாலும் துணியில் முட்டித் திரும்பட்டும் என்று.

போகவும் போனது. பருப்பு பொங்கியதும் கரண்டி தானாகவே மேலே ஏறியது. துணியில் இடித்து, மோவாயில் வழிந்தது. மருமகள் பார்த்தும் பார்க்காதது போல இருந்தாள். அடுத்த முறை கரண்டி பாதியில் நின்றது. அதற்கடுத்த முறை அண்டாக்காரம்மாவே கரண்டியை நீட்டினாள்.

"இந்தா. பாரு."

மருமகள் உறிஞ்சினாள். யோசித்தாள்.

"என்னவோ குறையுது."

"என்னவோன்னா? உப்பா, புளிப்பா, காரமா?"

"என்னவோ அத்தை. சாப்பிட்டா அடுத்த வாய்க்குக் கை போகலை."

"உப்பு" என்றாள் அண்டாக்காரம்மா. மூக்கில் ஏறிய ஆவிக்கு உப்பு போதும் என்றுதான் அவளுக்குத் தோன்றியது. கை உப்பு டப்பாவின் மேல் நின்றது. இத்தனை வருஷத்தில் அடுத்தவர் நாக்கை நம்பி அவள் ஒரு கல் உப்பும் போட்டதில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு பிடி போட்டாள்.

மருமகள் மறுபடி பார்த்தாள். "இப்போ போகுது கை."

"நிஜமா?"

"உங்களைத் திருப்திப்படுத்த நான் என்னைக்கு அத்தை பொய் சொன்னேன்?"

அது உண்மைதான். இந்த வீட்டில் அந்தப் பாக்கியம் யாருக்கும் கிடைத்ததில்லை.

வெயில் சாயும்போது அண்டாக்காரம்மாவுக்கு வேர்த்தது. அடுப்புச் சூடு என்று நினைத்தாள். பிறகு கரண்டிக் காம்பு கைக்குள் தடதடவென்று ஆடியது. காலுக்குக் கீழே சிமெண்டுத் தரை மெத்தை மாதிரி அமுங்கியது. அடுப்பை அணைக்க வேண்டும் என்று நினைக்கிறாள். எந்தத் திருகு என்று தெரியவில்லை.

"அத்தை? என்ன, சும்மா நிக்கறீங்க?"

"ஒண்ணுமில்லை. நீ... அந்த... அதை எடு."

"எதை?"

எதை என்று அவளுக்கே தெரியவில்லை. மருமகள் ஒரே தாவலில் வந்து அவளை அடுப்பிலிருந்து பிடித்து இழுத்தாள். கை ஜில்லென்று இருந்தது, நெற்றி நனைந்திருந்தது. பெஞ்சில் உட்காரவைத்தாள். ஓடிப்போய் மெஷினை எடுத்துவந்து விரலில் குத்தினாள். வந்த எண்ணைப் பார்த்து அவள் முகம் மாறியது.

"ரொம்ப இறங்கிடுச்சு. தரைக்கு வந்துடுச்சு. வாயைத் திறங்க, சர்க்கரை."

அண்டாக்காரம்மா வாய்த்துணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "மாட்டேன். வைக்க மாட்டேன்னு சொன்னேன்."

"ஐயோ, இப்போ வைக்கணும்!"

"சொன்ன சொல்..."

"சொல்லும் வேணாம் சுரைக்காயும் வேணாம்!" துணியைப் பிய்த்து எறிந்தாள் மருமகள். தண்ணீரில் சர்க்கரையை அள்ளிப் போட்டுக் கலக்கி, மோவாயைப் பிடித்து வாயில் வைத்தாள். "மெதுவா. முழுங்குங்க. இது தீனி இல்லை, மருந்து. முழுங்குங்க அத்தை, உங்களைக் கெஞ்சறேன்."

அவள் கெஞ்சுவதை அண்டாக்காரம்மா அப்போதுதான் முதல் தடவையாகக் கேட்டாள். விழுங்கினாள்.

கொஞ்ச நேரத்தில் உலகம் தன் இடத்துக்குத் திரும்பியது. மெஷினில் எண் ஏறியிருந்தது. மருமகள் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். அங்கிருந்த நர்ஸ் திட்டிய திட்டு வெளியே வரைக்கும் கேட்டது. மாத்திரை போட்டால் சாப்பிட்டே ஆக வேண்டுமாம். மத்தியானச் சோற்றைத் தள்ளிவிட்டு மாத்திரையை மட்டும் போட்டதுதான் வினையாம். இப்போதே சாப்பிடச் சொன்னாள். மறைவாகப் போன சாப்பாடெல்லாம் நின்றுவிட்டதால் கூட்டின மாத்திரையைக் குறைக்க வேண்டியிருக்கலாம், அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும், காலையில் முதல் ஆளாக வந்து சேருங்கள் என்றாள்.

"அப்போ நிஜமாவே அந்தத் தூக்குதான்" என்றாள் அண்டாக்காரம்மா மெல்ல.

"தூக்கேதான். மன்னிப்பு நான் கேக்கணுமா, நீங்க கேக்கறீங்களா?"

"சோத்தைப் போடுடி முதல்ல."

சாயங்காலச் சாப்பாட்டை எடுக்க மகன் வந்தபோது அம்மா பெஞ்சில் உட்கார்ந்து அந்தச் சின்னக் கிண்ணச் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கிழிந்த துணி, கொட்டிக் கிடந்த சர்க்கரை, மனைவியின் முகம் எல்லாவற்றையும் பார்த்தான். நடந்ததைச் சொல்லச் சொல்ல அவன் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"ஆள் இல்லாத நேரமா இருந்தா அடுப்புல விழுந்திருப்பேம்மா நீ."

"விழலையே."

"நல்லவேளை, நான் அப்பவே சொல்லிட்டேன்."

அண்டாக்காரம்மாவின் கை சோற்றில் நின்றது. "என்ன சொல்லிட்டே? யார்கிட்ட?"

அவன் தலையைத் தூக்கவில்லை. "மத்தியானம் அண்டா இறக்கும்போது கிடங்கு மேனேஜர்கிட்ட. அம்மாவுக்கு முடியலை, இந்த மாசத்தோட சமையலை நிறுத்திக்கறோம்னு. உன் நல்லதுக்குத்தாம்மா."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையா?" என்று பாய்ந்தது மருமகள்தான்.

"சொன்னா கேப்பீங்களா ரெண்டு பேரும்? அவரு சரின்னுட்டாரு. வேற சமையல்காரங்க நாளைக்கு மத்தியானம் ஒரு அண்டா குழம்பு கொண்டாந்து காட்டறாங்களாம். ஆளுங்களுக்குப் பிடிச்சிருந்தா அவங்களுக்கே கொடுத்துடுவாராம்."

அண்டாக்காரம்மா மகனைத் திட்டுவாள், அழுவாள், கிண்ணத்தை வீசுவாள் என்று இருவரும் காத்திருந்தார்கள். அவள் மீதிச் சோற்றைக் காயோடு பிசைந்து, ஒவ்வொரு வாயாக, நிதானமாகச் சாப்பிட்டு முடித்தாள். கிண்ணத்தை வழித்தாள். முழங்காலில் கையை ஊன்றி எழுந்தாள்.

"காலையில முதல்ல ஆஸ்பத்திரி. மாத்திரையை என்னன்னு கேட்டுட்டு வந்துடலாம். அப்புறம் சமையல். மத்தியானம் வேன்ல முன் சீட்டு எனக்கு."

"எதுக்கும்மா?"

"அவங்க ஒரு அண்டா கொண்டாந்தா நானும் ஒரு அண்டா கொண்டு போறேன். ஆளுங்க நாக்கு சொல்லட்டும்."

"ருசி பாக்காமலா?" மகன் நம்பாமல் கேட்டான். "நாளைக்கா? அவ்வளவு பெரிய விஷயத்துக்கு வாயில ஒரு சொட்டுகூட வைக்காமலா சமைக்கப் போறே?"

அண்டாக்காரம்மா மருமகளைப் பார்த்தாள். வெள்ளையாகத் தெரிந்த கண்ணை மூடிக்கொண்டு, தெளிவாகத் தெரிகிற கண்ணால் பார்த்தாள்.

"உனக்கு நாளைக்கும் லீவு கிடைக்குமாடி?"

"கிடைக்காது" என்றாள் மருமகள். "போட்டுக்கறேன்."